இருபத்திரண்டு இன்ச் திரையும் இலுப்பூர் பஸ்ஸும்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் கவரைக் கிழிக்கிற வழக்கம் கிடையாது. டிவி ரிமோட் பாலிதீன் உறைக்குள்ளேயே இருக்கிறது. பிரிட்ஜ் கதவில் ஒட்டி வந்த நீலத் தாள் ஓரமெல்லாம் சுருண்டு கறுத்துப்போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டியின் சீட்டில் சித்திரை வெயிலில் உட்கார்ந்தால் தொடை வெந்துபோகும், ஆனால் கவரைக் கழற்றலாம் என்று வாயைத் திறந்தால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். "புதுசு புதுசாவே இருக்கட்டும்டி" என்பாள். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இந்தக் கவர் பின்னால் வந்து என்னைப் படுத்தப் போகிறது.

நான் இலுப்பூரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர். வீடு புதுக்கோட்டையில். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பஸ். பதினோரு வருடமாக இதே போக்குவரத்துதான். பஸ்ஸில் எல்லோரும் செல்போன் பார்ப்பார்கள் அல்லது தூங்குவார்கள். நான் கோடு போடாத நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வரைவேன். எதிர் சீட்டுக்காரரின் காது, படிக்கட்டில் தொங்குகிற கல்லூரிப் பையன்களின் முழங்கை, கண்டக்டரின் பை, எது கண்ணில் படுகிறதோ அது. ஒருநாள் அன்னவாசலில் ஒருவர் ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறினார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார். "மடியிலதானங்க வச்சிருக்கேன், கைப்பிள்ளைக்கு டிக்கெட்டு கேப்பீங்களா?" என்று அவர் சண்டைக்கு நிற்க, இருவரும் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் ஆடு கழுத்தை நீட்டி டிக்கெட் கட்டையே கடித்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அதை வரைந்துவிட்டேன். செல்போனில் படம்பிடித்து இணையத்தில் போட்டேன்.

அதைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்து குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் பதிப்பகம் ஒன்றின் ஆசிரியை கூப்பிட்டார்.

"இந்த ஆட்டை வச்சே ஒரு கதை பண்ணலாம்ங்க. இருபத்துநாலு பக்கம். நீங்கதான் வரையணும். ஆனா டிஜிட்டலா வேணும். ஆடு தனி, பஸ் தனி, எழுத்து தனின்னு அடுக்கடுக்கா இருந்தாத்தான் நாலு மொழியில போட முடியும். முதல்ல மாதிரிக்கு ரெண்டு படம் அனுப்புங்க. ஒரு மாசம் எடுத்துக்கங்க. சரியா வந்துச்சுன்னா புத்தகம் உங்களோடது."

எனக்கு முப்பத்தாறு வயது. வரைகிறாள் என்பதற்காக ஒருவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் தனியாக நின்று சிரித்தேன். அந்தப் புத்தகம் எனக்கு வேண்டும். கல்யாணம், வேலை, சொந்த வீடு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

டிஜிட்டல் என்றால் எதில் வரைவது என்று தெரியவில்லை. யூடியூபில் தேடினேன். சிவப்பு விளக்கு, நீல விளக்கு எரிகிற அறைகளில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான். திரை பெரிதாக இருக்க வேண்டும். பேனாவின் அழுத்தம் இத்தனை ஆயிரம் படி இருக்க வேண்டும். நிறம் இத்தனை சதவீதம் தெரிய வேண்டும். நீ எங்கே உட்கார்ந்து வரைவாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அண்ணன் குவைத்தில் ஏசி மெக்கானிக். அந்தச் சமயம் லீவுக்கு வர இருந்தான். போனில் பேசும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அங்கே கடை கடையாக ஏறி, இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை வாங்கிவிட்டான். இருபத்திரண்டு இன்ச் திரை. கம்ப்யூட்டரோடு மாட்டி, அந்தத் திரையின் மேலேயே பேனாவால் வரையலாம். லக்கேஜில் போட்டால் உடைத்துவிடுவார்கள் என்று விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"அஞ்சு மணி நேரம் ஆத்தா, ஒண்ணுக்குக்கூட எந்திரிக்கல" என்றான்.

அம்மா கற்பூரம் காட்டினாள். திரையின் நடுவில் சந்தனம் வைக்கப் போனவளைத் தடுத்து, சட்டத்தின் ஓரத்தில் வைக்கச் சொன்னேன். திரைமேல் மெல்லிய கண்ணாடித் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அண்ணன் விரலை ஆட்டிச் சொன்னான், "மேல உள்ளதை மட்டும் எடுத்துறாத. கீறல் விழுந்திரும்." எனக்கும் எடுக்கத் தோன்றவில்லை. நானும் அந்த வீட்டுப் பெண்தானே.

அரிசி டிரம்மை அங்கிட்டு நகர்த்தி, உள்ளறையில் மேசை போட்டார்கள். நாற்காலி வந்தது. பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்தான் அண்ணன். திரைக்கு மூன்று வயர், அதற்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து, சுவிட்சுகளைப் போட்டு, எல்லாம் விழித்தெழுவதற்குள் என் பாதி உற்சாகம் ஆறிப்போயிருக்கும். பேனாவைத் திரையில் வைத்தால் ஈரத் தரையில் செருப்பு வழுக்குகிற மாதிரி வழுக்கியது. நோட்டில் வரையும்போது நான் நோட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்புவேன். இதைத் திருப்ப முடியுமா? யானையைத் திருப்புகிற மாதிரி.

மூன்று வாரம். தினமும் மூன்று மணி நேரம். ஆடு வரவில்லை. வந்ததெல்லாம் கால்நடை மருத்துவமனைச் சுவரில் தடுப்பூசி விளம்பரத்துக்கு நிற்குமே, அந்த ஆடு. அண்ணன் தினமும் காபியோடு வந்து எட்டிப் பார்ப்பான்.

"வரைஞ்சியா?"

"ஆயிட்டே இருக்குண்ணே."

"மெஷின் எப்படி?"

"சூப்பர்ண்ணே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் இருபத்திரண்டு இன்ச் பூசணிக்காயை மறைத்துக்கொண்டிருந்தேன். எரிச்சல் முழுவதும் என்மேலேயே திரும்பியது. உலகத்தில் எல்லோரும் இதில்தான் வரைகிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். பஸ்ஸில் வரைந்ததெல்லாம் பொழுதுபோக்கு, மேசையில் உட்கார்ந்ததும் சாயம் வெளுத்துவிட்டது என்று நம்பினேன். அந்த வாரங்களில் பஸ்ஸில் நோட்டைத் திறப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

மாத முடிவில் இரண்டு படங்களை அனுப்பினேன். ஆசிரியை மறுநாளே கூப்பிட்டார். நல்ல மனுஷி, சுற்றி வளைத்து ஆரம்பித்தார். பிறகு சொன்னார், "தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த ஆடு போட்டோவுக்குப் போஸ் குடுக்குது. உங்க நோட்டுல இருந்த ஆடு பஸ்ஸுல ஏறுச்சுங்க. எனக்கு அந்த ஆடுதான் வேணும். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம். அதுக்கு மேல என்னாலயும் நிறுத்தி வைக்க முடியாது."

ஆறு நாள் இருந்தது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பீரோவுக்குமேல் கிடந்த பழைய நோட்டுகளையெல்லாம் இறக்கினேன். அந்த ஆடு எப்படி வந்தது என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தின் மூலையில் எந்த இடத்தில் வரைந்தேன் என்று பொடியாக எழுதி வைப்பேன். புரட்டிக்கொண்டே போனேன். 'அன்னவாசல் தாண்டி.' 'பழைய பஸ் ஸ்டாண்டு, கூட்டம்.' 'ரேஷன் கடை வரிசை.' 'ஆஸ்பத்திரி, அம்மாவுக்குச் சீட்டு.' 'இலுப்பூர் வர அஞ்சு நிமிஷம்.' பதினோரு நோட்டு. வீட்டில் வரைந்தது ஒன்றுகூட இல்லை. மேசையில் வரைந்தது ஒன்றுகூட இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேசை என்றால் என் கைக்கு என்ன தெரியும்? பதினோரு வருடமாக மேசையில் உட்கார்ந்தால் "பார்வையில் காணும் கடிதத்தின்படி" என்று அடிக்கத்தான் தெரியும். நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்த உடனே என் கை ஆபீஸுக்குப் போய்விடுகிறது. ஆட்டைக்கூடப் படிவம் மாதிரி நிரப்பிவிடுகிறது. பஸ்ஸில் அப்படி இல்லை. அடுத்த குலுக்கலுக்குள் கோட்டை இழுத்துவிட வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்தால் சட்டென்று மூடிவிடலாம். வேகமும் ரகசியமும் எனக்கு வேண்டியிருக்கிறது. அழுகையும் சிரிப்புமாக வந்தது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பழைய நோட்டைத் திறந்து சும்மா ஆட்டை வரைந்து பார்த்தேன். திமிரோடு வந்து நின்றது, காதை ஆட்டிக்கொண்டு.

ஆக, எனக்கு வேண்டியது என் நோட்டு அளவுக்கு ஒன்று. வயர் இருக்கக்கூடாது. தொட்டதும் விழிக்க வேண்டும். மடியில் கிடக்க வேண்டும், கையில் திரும்ப வேண்டும். இதை யூடியூபில் யாரும் சொல்லவில்லை, என் நோட்டின் மூலைகள் சொல்லின. நோட்டைப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

இப்போது அண்ணனிடம் சொல்ல வேண்டும். ஐந்து மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தவனிடம். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். புதன்கிழமை சாயங்காலம் காபியோடு எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இது எனக்குச் சேரல" என்றேன். குரல் உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன், பொய் சொன்னதையும் சேர்த்து.

அவன் முகம் சுண்டிப்போனது. போய் வாசலில் நின்றான். அம்மா என்னை முறைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, தன் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காட்டினான். பிடி முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது.

"கம்பெனில பளபளன்னு செட்டு செட்டாக் குடுப்பான். பாரு, எட்டு வருசமா இதத்தான் புடிக்கிறேன். சூப்பர்வைசர் திட்டுவான். கைக்குச் சேரலன்னா வேலை ஓடாது, எனக்குத் தெரியாதா?" நிறுத்திவிட்டு, "அத முதல் நாளே சொல்லித் தொலையிறதுக்கென்ன? நான் என்ன வேத்து ஆளா?" என்றான். எனக்கு அது திட்டாகவே கேட்கவில்லை.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டேன். திரையைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, அதை விற்க அண்ணனுக்குத் தெரிந்த ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனோம். காதுகுத்து, சடங்கு, கடைத் திறப்பு என்று ஊரில் நிற்கிற பேனர்களில் பாதி அந்தக் கடைக்காரர் செய்ததுதான். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுவாராம். பன்னிரண்டு அடி பேனரில் மாமன்மார் முகங்களை மௌஸால் வெட்டி வெட்டி மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. பெட்டியைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. மாட்டினார். நகத்தால் ஒரு மூலையை நெம்பி, திரைமேல் இருந்த தாளைச் சர்ரென்று உரித்தார்.

"ஐயோ!" என்றோம் அண்ணனும் நானும் ஒரே நேரத்தில்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இது பார்சல்ல வாரப்ப கீறாம இருக்க ஒட்டுறதுங்க. இதோடயா வரைஞ்சீங்க? வழுக்குமே!"

பேனாவை என்னிடம் நீட்டினார். வரைந்தேன். வழுக்கவில்லை. காகிதத்தில் போடுவதுபோலக் கோடு பிடித்துக்கொண்டது. ஒரு மாதப் பாடும் இந்தத் தாளால்தானா? அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். "அப்ப இதுலயே வரஞ்சிரலாம்ல?" என்றான் மெல்ல. கடைக்காரரின் முகம் வாடியது.

அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அண்ணனுக்குச் சந்தோஷம், அம்மாவுக்கு நிம்மதி. கூடம் கோணலே இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டை வரைந்து பார்த்தேன். கோடு அழகாக இருந்தது. ஆடு மட்டும் போஸ் கொடுத்துக்கொண்டு நின்றது.

"இது நல்ல மெஷின்தாண்ணே. ஆனா நான் பஸ்ஸுல வரையிறவ" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தான். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "ஒங்ககிட்ட சின்னதா எதுவும் கெடக்குதாங்க?" என்று கேட்டான்.

கிடந்தது. கஸ்டமர் வீட்டுக்குப் போய் டிசைன் காட்டுவதற்கென்று அவர் ஒரு டேப்லெட் வாங்கியிருந்தார். பத்து இன்ச், பேனாவும் கூடவே. சின்னதாக இருக்கிறதென்று டிராயரில் போட்டுவிட்டாராம். ஒரு மூலை நெளிந்திருந்தது. மூன்று மணி நேரம்தான் சார்ஜ் நிற்கும் என்று உள்ளதைச் சொன்னார். எனக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். திரும்பியது. திரைக்குப் பதிலாக இதைக் கொடுத்து, மேலே தரவேண்டிய பணத்தையும் தந்து, எங்கள் வீட்டு அடுத்த விசேஷத்துக்கு ஃப்ளெக்ஸ் இலவசம் என்றும் வாக்குக் கொடுத்தார். கடைசியில், பேனர் பளபளக்காமல் இருக்க மேலே ஒட்டுகிற மேட் தாளில் ஒரு துண்டு வெட்டி டேப்பின் திரையில் ஒட்டிவிட்டார். பேனா சரசரவென்று காகிதத்தில் ஓடுகிற மாதிரி ஓடியது. வீட்டுக்கு வந்ததும் அம்மா வாங்கிப் பார்த்தாள். நெளிந்த மூலை அவளுக்குப் பிடிக்கவில்லை. மேலே தாள் ஒட்டியிருப்பதைத் தடவிப் பார்த்த பிறகுதான், "கவர் போட்டாச்சுல்ல, பரவால்ல" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கெடு முடிகிற நாள். அண்ணன் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். "நானும் வாரேன். நீ எப்படித்தான் வரையிறேன்னு பாக்கணும்." ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விமானம்.

விராலிமலை பஸ், இலுப்பூர் வழி. எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். என்னைப் பார்க்க வந்தவன் ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான், வாயைப் பிளந்துகொண்டு. நான் டேப்பை மடியில் வைத்தேன். முதல் கோடு குலுக்கலில் கோணியது, விட்டுவிட்டேன். இரண்டாவது கோடு ஆட்டின் முதுகு. அன்னவாசலில் கூட்டம் ஏறியது, யாருடைய பையோ தோளில் இடித்தது, ஆட்டின் முன்னங்கால் தானாகப் படியில் ஏறியது. பக்கத்து சீட்டில் யாரை உட்காரவைப்பது என்று யோசிக்கவே இல்லை. கண்ணில் பட்டவனை உட்காரவைத்தேன், பிளந்த வாயோடு. ஆடு அவன் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை உருவுகிறது. அதன் பிறகு எனக்கு எதுவும் தெரியவில்லை.

தலை நிமிர்ந்தபோது ஜன்னலில் மலைக்கோயில் தெரிந்தது. விராலிமலை! இலுப்பூர் போய் அரை மணி ஆகியிருந்தது. அண்ணன் நன்றாக விழித்து உட்கார்ந்திருந்தான்.

"சொல்லக்கூடாதாண்ணே? ஆபீஸு!"

"சொல்லலாம்னுதான் பாத்தேன். இலுப்பூர் வந்தப்ப நீ இந்த ஒலகத்துலயே இல்ல. எப்படிக் கூப்புடுறது?" கையை விரித்துக் காட்டினான். விராலிமலைக்கு எடுத்த இரண்டு டிக்கெட். "அதான் சேத்து எடுத்துட்டேன்."

ஐந்து மணி நேரம் மடியில் சுமந்ததை வேண்டாம் என்று கொடுத்துவிட்டு வந்தவள் நான். அவன் என்னவென்றால் நான் தலை நிமிரக்கூடாது என்று டிக்கெட் எடுத்திருக்கிறான்.

ஆபீஸுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பர்மிஷன் சொன்னேன். பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தாமதம். ஹைவே ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்து படத்தை அனுப்பினேன். இரண்டு கேட்டிருந்தார், ஒன்றுதான் இருந்தது. டீயைக் குடிக்க முடியவில்லை. அண்ணன் இரண்டு வடையையும் அவனே தின்றான். கடைசித் துண்டு வாயில் இருக்கும்போது போன் வந்தது.

"ஆடு ஏறிருச்சுங்க!" என்றார் ஆசிரியை. சிரித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு போதும். மிச்சத்தையும் இப்படியே வரைங்க, புத்தகம் உங்களோடது. ஆமா, பக்கத்துல வாயத் தெறந்துக்கிட்டுத் தூங்குறாரே, அவரு யாரு? அவரும் புத்தகம் முழுக்க வரணும்."

சொன்னேன். அண்ணன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான். "வாயைக் கொஞ்சம் மூடி வரஞ்சிருக்கலாம்ல" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வடை காரம் என்றான்.

இலுப்பூருக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் அவன் தூங்கவே இல்லை. தலையை வாரிக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்து, வாயை இறுக்க மூடிக்கொண்டு, நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "போஸ் குடுக்காதண்ணே" என்றேன். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. டேப்பைத் திருப்பிப் பிடித்து, அப்படியே வரைய ஆரம்பித்தேன்.